எல்லாக் கோடும் நேர்

ஜூலை 4
இன்றும் அப்பா வலது கண்ணைப் பொத்துவதற்கு முன்பே "நேரா இருக்கு" என்று சொல்லிவிட்டார். கண் டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட தாள் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். அப்பாவின் இடது கண்ணுக்குள் அழற்சி. விழித்திரை ஓரத்தில் ஒரு புண் ஆறித் தழும்பாகிவிட்டது. கோடு வளைந்து தெரிந்தால் புதுப் புண் வந்திருக்கலாம், அன்றே வர வேண்டும், அதுவரை வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். நோட்டில் பதிவது நான். சிவப்பு மையில் தேதி, நீல மையில் "நேர்".

ஜூலை 6
அம்மா படித்தால் கண் கெட்டுவிடும் என்று என் கதைப் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டாள். கண் கெட்டது அப்பாவுக்கு, தண்டனை எனக்கு.

ஜூலை 9
எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுவது அப்பாதான். இன்று இடப்பக்கக் கண்ணாடி பள்ளி வாசல் தூணில் உரசியது. தூணைத் தப்பான இடத்தில் கட்டிவிட்டார்களாம். பதினோரு வருடமாக அது அங்கேதான் நிற்கிறது.

ஜூலை 10
ஓர் அயோக்கியத்தனம் செய்தேன். நானே ஒரு தாள் வரைந்து, நடுவில் கோடுகளைப் பாம்பாக நெளியவிட்டு, கதவில் மாற்றி ஒட்டினேன். அப்பா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஸ்கேல் வச்சு அடிச்ச மாதிரி இருக்கு, மேதாவி" என்றார்.

கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாளாப்பா?"

"லீவு முடிஞ்சதுலேர்ந்து. நடுவுல புகை மாதிரி. ஒரு கண்ணு போதும்னு நெனச்சேன்."

"வண்டியில முப்பத்தெட்டுப் பேர் வர்றோம்பா."

டாக்டரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேலை போய்விட்டால்? அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூலை 11
அப்பாவே சொன்னார். விழித்திரையின் நடுவை ஒட்டிப் புதுப் புண். கண்ணுக்குள் ஊசி, கை நிறைய மாத்திரை. மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம், போனது வராது. இனி பேருந்தைத் தொடக் கூடாது. டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். "ரொம்ப அழகா எழுதியிருக்கேம்மா." அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

ஜூலை 13
அம்மா புத்தகங்களைத் தானாகவே இறக்கி வைத்தாள். பிரிக்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 2
அப்பாவுக்குப் பள்ளியில் மணி அடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இருவரும் நடந்தே போகிறோம். புது ஓட்டுநர் பேருந்தில் எங்களைக் கடந்து போனார். "திருப்புறதப் பாரு, கட்டை வண்டி ஓட்டினவன் மாதிரி" என்றார் அப்பா. அந்த ஓட்டுநர் நன்றாகத்தான் திருப்பினார். குறுக்குத் தெருவில் இடப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அப்பா பார்க்கவில்லை. நான் அவருடைய இடப்பக்கம் மாறி நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையை நீட்டினார்.