வலது கால் முன்னே

பெரியவளின் அம்மாவுக்கு,

என்னைக் கேட்காமல், நம் பெரியவளை விட்டு என் சூப்பர்வைசருக்குப் போன் போடவைத்தது தப்பு. "அப்பாவைக் கடல்ல எறங்க விடாதீங்க" என்றாளாம். அவரும் இப்போது என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

அலைச்சறுக்குப் பள்ளியில் பலகை கழுவுகிறவன், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அறையில் பாயில் குப்புறப் படுத்து, துள்ளி எழுந்து பழகினேன்.

"இடது காலை முன்னாடி வைங்க பெருசு" என்றான் பயிற்சியாளன்.

"எங்க வீட்டுல வலது கால்தான் முன்னாடி. வேணும்னா நீ அலையைத் திருப்பி விடு" என்றேன்.

நான் கிளம்பிய அன்று வாசலில் நீ சொன்னது அதுதானே.

போன ஞாயிறு அலைமேல் பலகையில் எழுந்து நின்றுவிட்டேன். பலகை என்னைக் கரைப்பக்கம் சுமந்து வந்தது. நீ பார்க்கிறாயா என்று திரும்பினேன், அதில்தான் விழுந்தேன். முழங்கையில் லேசான சிராய்ப்பு. அதைப் பெரியவளிடம் உளறியது என் புத்தி.

இங்கே கடலில் மட்டும்தான் யாராவது என்னிடம் பேசுகிறார்கள். "இந்த அலை உங்களுக்குத்தான், பெருசு" என்று வழிவிடுகிறார்கள்.

ஆகவே, பெரியவள் மறுபடி போன் போட்டு, சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். மாப்பிள்ளை இதில் வாய் திறக்கக் கூடாது. சின்னவன் என் முழுக்கைப் பனியன்களை அனுப்ப வேண்டும், பலகை நெஞ்சை உரசுகிறது. நீ ஞாயிற்றுக்கிழமை போனை யாரிடமும் கொடுத்துவிடாமல், நான் எப்படி நின்றேன் என்று கேட்க வேண்டும். முழுதாகக் கேட்க வேண்டும்.