ஜவ்வாது மலைக்குப் போன பை

நைலான் ஓரத்தை நெருப்பில் காட்டிப் பொசுக்கிய வாடை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். இந்த வாடை வந்தாலே நீ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். நீ வெட்டிவைத்துவிட்டுப் போன துண்டுகளைப் பையாகத் தைத்து உன் மகள் ஆயிஷாவிடம் கொடுத்துவிட்டேன். அதை முதுகில் மாட்டிக்கொண்டு காலேஜ் பிள்ளைகளோடு ஜவ்வாது மலை ஏறப் போயிருக்கிறாள். மழை பிடித்துக்கொண்டது. போன் போட்டால் கிடைக்கவில்லை.

ஆம்பூர் கம்பெனியில் சாம்பிள் பை தைக்கிற அறையில் உன் மிஷினும் என் மிஷினும் எதிரெதிரே. வாரம் முழுக்கத் தோல் பை தைப்போம். லீவு நாளில் நான் தூங்குவேன், நீ மலை ஏறுவாய். மறுநாள் தோளைப் பிடித்துக்கொண்டே வந்து புலம்புவாய். "பையே இவ்ளோ வெயிட் இருந்தா உள்ள இன்னாத்த வெச்சித் தூக்கறது?" அதில் பிடித்தது, கனமில்லாத நைலான் பை தைக்கிற உன் பைத்தியம். படுக்கிற பாயையே மடித்துப் பைக்கு முதுகாக வைத்தாய். ஊன்றி நடக்கிற கம்பே இறங்குகிற இடத்தில் கூடாரத்துக்குக் கால், மழைக்கோட்டே அதற்குக் கூரை. பையை மாட்டுகிற தோள்பட்டைக்குப் பஞ்சு எதற்கு என்று அதைக் குழாய் போலத் தைத்து, மாற்றுச் சட்டையைச் சுருட்டி உள்ளே நுழைத்தாய். ஒவ்வொன்றையும் கறிக்கடைத் தராசில் வைத்து எடை பார்ப்பாய். கடைக்கார பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்பார், "கறி வாங்க வந்தியா, பேஜார் பண்ண வந்தியா?"

"போன வாட்டிக்கு இப்ப கம்மியா இருக்கா, அத்த மட்டும் சொல்லு பாய்" என்பாய் நீ.

எனக்கோ எல்லாவற்றுக்கும் பயம். கம்பு சறுக்கினால் கூடாரம் தலைமேல் விழும். சட்டை நனைந்தால் தோள்பட்டை ஊறிக் கனக்கும். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ஆள் நான். 'ஒரு தையல் ஜாஸ்தி போட்டா இன்னா கொறஞ்சிடும்' என்பதுதான் என் கட்சி. தோலிலேயே பழகிய கை. சந்தேகம் வந்தால் இரட்டைத் தையல், அப்போதும் மனசு கேட்காவிட்டால் அதன்மேல் இன்னொன்று.

அதனால்தான் யார் தையல் நிற்கிறது என்று பார்க்கப் பாலாற்றங்கரைக்குப் போனோம். ஒரு தோள்பட்டை நீ தைத்தது, ஒற்றை வரிசை. மற்றது நான் தைத்தது, மூன்று வரிசை. பை நிறைய ஆற்று மணலை அள்ளிப் புளியமரக் கிளையில் தொங்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் டர்ரென்று பை ஒரு பக்கம் சாய்ந்தது. அறுந்தது என்னுடையது. நீ சிரிக்கவில்லை. கிழிசலை வெயிலில் பிடித்துக் காட்டினாய், ஊசி போன வழியே ஸ்டாம்பு கிழிக்கிற மாதிரி நேராகக் கிழிந்திருந்தது.

"இது தோலு இல்லய்யா. நீ போடற ஒவ்வொரு தையலும் இதுக்கு ஒரு ஓட்ட. உன் பயத்தையெல்லாம் இது தாங்காது."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த பைக்குத் துணி வெட்டிவைத்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் காலைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். கால் சில்லிட்டது முதலில் எனக்குத்தான் தெரிந்தது.

போன வாரம் ஆயிஷா அந்தத் துண்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அப்பா வெட்டினது அங்கிள். தெச்சிக் குடுங்க, இதத்தான் மாட்டிக்கினு போவேன்." கடையில் நல்ல பையாக வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவளுக்கும் உன் பிடிவாதம். தோள்பட்டை சேர்கிற இடத்தில் ஒரு வரிசை ஓட்டினேன். வேலை அவ்வளவுதான், ஆனால் பெடலிலிருந்து கால் எழவில்லை. வழுக்குப் பாறையில் இது அறுந்தால் பிள்ளை எந்தப் பக்கம் சாய்வாள்? இன்னொன்று போடு, போடு என்று கை துடித்தது. கடைசியில் ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினேன். வேறு வழி தெரியவில்லை. அப்புறம் பையில் மணல் நிரப்பி அதே கிளையில் தொங்கவிட்டும் பார்த்தேன், நின்றது. ஆனால் புளியமரம் நடக்காது, தடுக்கி விழாது.

மழை ஆரம்பித்ததும் தனியாக இருக்க முடியாமல் உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். பாபி போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். உன் மனைவி நம் வேலையைப் பற்றி ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லையே. இன்று திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணா, அந்தத் தையல் நிக்குமா?"

"நிக்கும் பாபி. மழ விட்டதும் அவளே போன் பண்ணுவா, பாருங்க."

நம்பிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போய்விட்டார். நீ இருந்தவரை பயப்படுவது என் பாடு, நிற்கும் என்று சொல்வது உன் பாடு. இப்போது இரண்டையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மழை இன்னும் விடவில்லை. பாபி டம்ளரோடு வருகிறார். கையில் வாங்கினால் நடுங்குவது தெரிந்துவிடும். கீழே வைத்துவிடச் சொல்லப்போகிறேன்.