மச்சானின் காரை நான் கழுவினேன்

என் அருமை மச்சானுக்கு,

நீங்கள் போய்ப் பதினேழு நாளாகிறது. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, வேலைக்கும் போகிறேன். அழுகைதான் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போய்க் கிடக்கிறது.

உங்கள் மோரிஸ் மைனர் வீட்டு வாசலில் நசுங்கி நிற்கிறது. தோட்டத்தை விட்டுப் போன வெள்ளைக்கார மேனேஜரிடம் வாங்கிய கார். “இந்தக் கிழவிக்கு எவன் மச்சான் இன்சூரன்ஸ் குடுப்பான்?” என்று கிண்டல் பண்ணினேன். நீங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு லீவு போட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, சிரம்பான் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தீர்கள். பழைய காருக்குரிய மதிப்பை முன்கூட்டியே பேசி, பாலிசியில் எழுத வைத்துத்தான் திரும்பினீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் எவ்வளவு பெருமை!

சி ரூசா ரோட்டில் லாரி இடித்துத் தள்ளியதில்தான் கார் மரத்தில் மோதியது. லாரியின் பச்சைப் பெயிண்ட் வலது கதவில் ஒரு முழத்துக்கு ஒட்டியிருந்ததே! இன்சூரன்ஸ் ஆள் பார்க்கும்வரை தொடாதே என்று சொல்லித்தான் போலீஸ் ஸ்டேஷனில் காரைக் கொடுத்தார்கள். டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம்.

அக்கா பார்த்தாள். “அவரு ரத்தத்தோட அது வாசல்ல நிக்கக் கூடாதுடா தம்பி. கழுவிடு.”

தீட்டு அல்லவா? கழுவினேன். மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். இடித்தவன் அடையாளம் உங்கள் காரில் எதற்கு என்று பச்சைப் பெயிண்டையும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தே எடுத்துவிட்டேன். என் புத்தி எங்கே போனது, மச்சான்?

மறுநாள் இன்சூரன்ஸ் ஆள் வந்தார். கதவைத் தடவிப் பார்த்தார்.

“லாரி பட்ட அடையாளமே இல்லியே. யாரு கழுவுனது?”

“மழைங்க” என்றேன்.

“லாரிக்காரன் நான் தொடவே இல்லங்கிறான். இவரு குடிச்சிருந்தாரா?”

நான் கழுவியது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், எலுமிச்சம்பழத் துண்டுகளைக் காலால் காருக்கு அடியில் தள்ளினேன். அவர் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது தோட்டம் முழுக்க இதே பேச்சு. “கிராணி தண்ணி போட்டுட்டு ஓட்டுனாராம் லா.” திருவிழாவில்கூடக் கள்ளைத் தொடாத மனிதர் நீங்கள். அக்கா கடையில் நின்றபோது அவள் காதிலேயே விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். “கழுவச் சொன்னது நானு. என்னையக் காப்பாத்தவாடா பொய் சொன்ன? இப்பப் பாரு, அவரு குடிகாரரு ஆயிட்டாரு.” கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அக்காவைக் காப்பாற்றவா? இல்லை மச்சான், என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லத் தைரியமில்லை. இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவள் படிக்கட்டும், தோட்டத்தார் எல்லோரும் படிக்கட்டும்.

நாளை முதல் பஸ்ஸில் சிரம்பான் போகிறேன். பெயிண்டை அழித்தவன் நான், மழை என்றது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை பொய் சொன்னவனை நம்புவார்களா? தெரியவில்லை. நம்பாவிட்டாலும், என் மூச்சு உள்ளவரை கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வேன்: என் மச்சான் குடிக்கவில்லை.

உங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளை,
உங்கள் மச்சினன் சேகர்