கப்பல் ஹோட்டலுக்கு எட்டுப் பேர்

கோவில்பட்டி
ஐப்பசி 2, ஞாயிறு

அன்பு மகன் முருகனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் அதேபோல் இருக்க வெயிலுகந்தம்மனை வேண்டிக்கொள்கிறேன். மனசுதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் காகிதத்தைத் தூக்கினாள் என்று பயந்துவிடாதே. போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள், மாடிக்குப் போய்ப் பேசினால் துணி எடுக்கிற சாக்கில் பின்னாலேயே வருகிறார்கள், இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவர்கள் கொடியில் கிடந்த துணியை எடுத்ததுண்டா. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போனில்தான் மக்காச்சோள விலை பார்க்கிறார்கள். நம் தெரு கொம்பையா அண்ணாச்சி புதன்கிழமை தன் மகனைப் பார்க்க சிங்கப்பூர் வருகிறார், அவர் கையில் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். கூடக் கடம்பூர் போளி இருக்கிறது, கையில் கிடைத்த அன்றைக்கே தின்றுவிடு, ஃப்ரிட்ஜில் வைத்துப் பாழாக்காதே.

டிசம்பர் லீவுக்கு மறுபடியும் அந்தத் தீவு ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போகிறேன், சாப்பிடுகிற இடங்களை இரண்டு மாதம் முன்னாலேயே புக் பண்ண வேண்டும், யாருக்கு எது பிடித்தது சொல்லுங்கள் என்று குரூப்பில் போட்டாலும் போட்டாய், நாலு நாளாக இங்கே அதே பேச்சு. உன் அக்கா செண்பகத்தின் மகள் மித்ராவுக்குக் கரடி வேஷக்காரர் மேசைக்கு வருகிற காலை டிபன் கடைதான் வேண்டுமாம், போன தடவை கரடி தலையில் கை வைத்ததாம், அதே நாற்காலி கிடைக்குமா என்று மாமாவிடம் கேட்கச் சொல்கிறாள். செண்பகத்துக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மீன் நீந்துகிற ஹோட்டல். மீன் பார்க்கப் பார்க்க எப்படி மீனைத் தின்பது என்று அன்றைக்கு அவள்தான் முகம் சுளித்தாள், அப்புறம் இரண்டு துண்டு அதிகமாகத் தின்றதும் அவள்தான். எனக்கு அந்த மலாய்க்காரம்மா கடை. தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலியும் வறுத்த கடலையும் போட்டுத் தந்தாளே, ரயில் சுற்றுவதும் ஆள் தலைகீழாகத் தொங்குவதும் உங்களுக்கு, எனக்கு அந்தச் சோறு போதும். அப்பாவுக்கு எது என்று உனக்கே தெரியும். ரொட்டி வீசிக்கொண்டிருந்த பையனிடம் எந்த ஊர் தம்பி என்று கேட்க, அவன் நாகலாபுரம் அண்ணாச்சி என்று சொல்ல, அங்கன மழை உண்டுமா என்று தொடங்கி முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார்கள். நாம் எடுத்து வைத்திருந்த படகுச் சவாரி டிக்கெட் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

இதெல்லாம் சரி. கடைசியில், கப்பல் ஹோட்டல் மட்டும் வேண்டாம், அப்பாவுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவுக்குப் பிடிக்காமல் போனது சாப்பாடு இல்லை முருகா.

ஆபீஸ் நண்பர் குடும்பம் என்று சொல்லி அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கப்பல் ஹோட்டலுக்கு நீ அழைத்து வந்தாயே, ஆண்ட்ரூஸ், அவர் மனைவி ஜெயஷீலா, மகள் வினோலியா. தூத்துக்குடிக்காரர்கள், இருபத்தைந்து வருஷமாக சிங்கப்பூரில் இருக்கிறார்கள் என்றதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், உப்பளம், பஸ் ஸ்டாண்டு, மக்ரூன் கடை என்று ஆண்ட்ரூஸோடு வாய் ஓயாமல் பேசினார்கள். அப்புறம் டீ வந்தது. அப்பாவுக்குச் சீனி போடக் கூடாது என்று யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளை வினோலியா சொல்லிவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார்கள், நான் சுவரில் மாட்டியிருந்த நங்கூரத்தைப் பார்த்தேன். சாப்பாடு வந்து அப்பா ஒரு வாய்கூட வைத்திருக்க மாட்டார்கள், ஆண்ட்ரூஸ், இன்னைக்கு எங்க சாப்பாடுதான் அண்ணாச்சி, எங்க வீட்டு விருந்துன்னு வச்சுக்கிடுங்க என்றார். அவ்வளவுதான், எடுத்த ஸ்பூனை அப்பா கீழே வைத்துவிட்டார்கள்.

நீ இந்த ஊரில் பிறந்தவன்தானே. பேசி முடியாத சம்பந்தத்தில் பெண் வீட்டில் கை நனைக்கிற வழக்கம் நமக்கு உண்டா. உன் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போனபோது உனக்குப் பத்து வயசு. இலை போட்டதும் அப்பா எல்லாரையும் எழுப்பிக் கூட்டி வந்துவிட்டார்கள், பசிக்குது என்று பஸ்ஸில் நீ அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டால் சரி என்று வாக்குக் கொடுத்த மாதிரி. ஹோட்டல்தானே, மேசை நாற்காலிதானே, இங்கே யார் வீடு என்ன வீடு என்று நீ நினைத்துவிட்டாய். யார் கூப்பிட்டு யார் போடுகிறார்களோ அது அவர்கள் வீடுதான் அப்பாவுக்கு. வயிறு சரியில்லை என்று அவர்கள் சொன்னதை நம்பி நீ மாத்திரையும் ரொட்டியும் வாங்க ஓடினாய். அந்த ரொட்டிப் பாக்கெட் முழுவதையும் ரூமில் உட்கார்ந்து காலி பண்ணிய வயிறு அது.

திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. திட்டினால் பரவாயில்லை, திட்டவும் இல்லை. காலையில் ஒரு தடவை புஞ்சைக்குப் போகிறார்கள், மத்தியானம் ஒரு தடவை போகிறார்கள், மழை இல்லாமல் சோளம் சுருண்டு கிடக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் திடீரென்று, ஏட்டி, அந்தப் பிள்ளை என்ன வேலை பாக்கு என்று கேட்டார்கள். எந்தப் பிள்ளை என்றேன். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அவிய வேதக்காரவியல்லா, சர்ச்சுக்குப் போறவியல்லா, நம்ம அம்மன் கொடைக்கு அது வந்து பொங்கல் வைக்குமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டதை நல்லதுக்கு என்று எடுப்பதா கெட்டதுக்கு என்று எடுப்பதா தெரியாமல் நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், இந்தத் தடவை ஒளிவு மறைவு வேண்டாம். நண்பர் குடும்பம் என்று சொல்லி மேசையில் கொண்டுபோய் உட்கார வைக்காதே. காலை எட்டு மணிக்கு அப்பா புஞ்சையில் தனியாக இருப்பார்கள், அவர்கள் போனுக்கே கூப்பிட்டு, அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று வாயைத் திறந்து சொல். எடுத்ததும் வைத்துவிட்டால் மறுநாளும் கூப்பிடு. நீ கேட்காமல் அவர்களாகச் சரி என்று சொல்லப் போவதில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நீ மாத்திரை வாங்கப் போயிருந்தபோது நடந்தது. அந்தப் பிள்ளை மீனில் முள் எடுத்து, குழம்பை ஊற்றி என் பக்கம் தள்ளி வைத்தாள், சாப்பிடுங்க அத்தை என்றாள். ஆன்ட்டி என்று சொல்லவில்லை, அத்தை என்றாள். அப்பா தட்டில் கை படாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எழுந்திரி என்று அர்த்தம். நான் ஸ்பூனை ஓரமாக வைத்தேன், சோற்றைக் கையால் பிசைந்தேன், அவர்கள் பார்க்கப் பார்க்கத் தட்டு மொத்தமும் சாப்பிட்டேன். தெரிந்தேதான் சாப்பிட்டேன். அவர்களுக்குக் கோபம் உன்மேல் இல்லை முருகா, அவர்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்த என்மேல். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர்கள் கை வைக்காத பந்தியில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அது ஒன்றுதான். அந்தப் பிள்ளையை நீ ஒரு நாளும் கைவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, முதுகு வலிக்கு அந்த நாற்காலியை மாற்று, வினோலியாவுக்கும் அவள் அப்பா அம்மாவுக்கும் என் அன்பைச் சொல். நீ நூறு வயசு நல்லா இருக்கணும், உன்னோடு அவளும் நல்லா இருக்கணும். புக்கிங் திறந்த அன்றைக்கே கப்பல் ஹோட்டலுக்கு எட்டுப் பேர் என்று போட்டுவிடு, மறந்துவிடாதே. அப்பாவுக்கும் சேர்த்துத்தான் எட்டு.

இப்படிக்கு,
கை நனைத்துவிட்ட உன் அம்மா,
சுந்தரேஸ்வரி