அப்பா மொட்டை போட்டதுக்கு அப்புறம்

உ
முருகன் துணை

புந்தோங், ஈப்போ

அன்பு மக தினேஸ்வரிக்கு அம்மா எழுதிக்கிறது. கல்லுமலை முருகன் கருணையில நானும் அப்பாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு காலையில விளக்கு ஏத்தும்போதெல்லாம் வேண்டிக்கிறேன். பையனுக்கு கன்னம் வச்சிருச்சாமே, கேட்டு வயிறு குளுந்துச்சு. பூண்டு நல்லா போட்டு சாப்பிடு, அப்பதான் பாலு ஊறும், ஆஸ்திரேலியா பூண்டுல வாசம் இல்லேன்னு சாக்கு சொல்லாத. ஈரத் தலையோட படுக்காத. போன் இருக்கப்ப அம்மா எதுக்கு காகிதத்துல எழுதுறான்னு நெனைப்ப. போன்ல பேசினா அப்பா காதுல விழுது, அதுல எழுதினா எடுத்துப் பாத்துடுறாரு. இப்ப நாள் பூரா வீட்டுலதான் இருக்காரு. அதைத்தான் சொல்ல வாரேன்.

அப்பா ஏன் வீடியோ கால்ல வரமாட்டேங்கிறாருன்னு நீ கேட்டுக்கிட்டே இருக்க, நானும் குளிக்கிறாரு, தூங்குறாருன்னு பொய் சொல்லிக்கிட்டே இருக்கேன். இனிமே சொல்றதுக்கு எங்கிட்ட பொய் இல்லம்மா. அப்பாவுக்கு அந்த போன் ஆப்புல ஆள் ஏத்தி காரு ஓட்டுற வேலை போயிருச்சு. நீ மாசம் முடியுறதுக்கு முந்தி பெத்து, பிள்ளையை கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்கன்னு மாப்பிள்ளை போன் பண்ணின அன்னைக்கு, பிள்ளை பொழைச்சு வீட்டுக்கு வந்தா தைப்பூசத்துக்கு முடி எறக்குறேன்னு அப்பா சாமிகிட்ட வேண்டிக்கிட்டாரு. பொழைச்சு வந்தான். அப்பாவும் பால்குடம் எடுத்து, முடி, கல்யாணத்துக்கு முந்தியே வச்ச மீசை எல்லாத்தையும் குடுத்துட்டு, தலை நெறைய சந்தனத்தோட சிரிச்சுக்கிட்டே வந்தாரு. மறுநாள் வேலைக்கு கெளம்புறப்ப போனு மூஞ்சியைக் காட்டுன்னுச்சு. தெனம் காட்டுறதுதான், நான் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினப்ப காலையில பெரட்டுல வரிசையா நின்னு பேரு குடுத்துட்டு மரத்துக்கு போவோம், அந்த மாதிரி. காட்டினாரு. இது நீ இல்லேன்னு சொல்லிருச்சு. சந்தனத்தைக் கழுவிட்டு காட்டினாரு, வாசல் வெளிச்சத்துல நின்னு காட்டினாரு, இல்லவே இல்லேன்னுச்சு. ஐசி கார்டு, லைசென்சு எல்லாத்தையும் படம் புடிச்சு அனுப்பினாரு. பதில் நல்ல மரியாதையா பேரு சொல்லித்தான் வருது, ஆனா கேட்டதுக்கு பதில் இல்ல. கோயில்ல மொட்டை போட்டேன்னு அப்பா மலாய்ல எழுதினா, ஆளை எந்தக் கோயில்ல ஏத்தணும்னு திருப்பிக் கேக்குது. அப்பதான் தெரிஞ்சுச்சு அந்தப் பக்கம் மனுசனே இல்லேன்னு.

அந்த நேரம் பாத்து தெலுக் இந்தான்லேருந்து தேவன் மாமா வந்தான். என் தம்பிக்கு எல்லாமே வெளையாட்டு. அதுக்கு பழைய மூஞ்சிதானே வேணும், குடுத்துட்டா போச்சு மச்சான்னு சொல்லி, மேடை நாடகம் போடுற கூட்டாளிகிட்ட டோப்பாவும் ஒட்டு மீசையும் வாங்கிட்டு வந்தான். அப்பா மொதல்ல வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே மீசையை ஒட்டிவிட்டேன். மூணு பேருக்கும் சிரிப்பு தாங்கல, அவருக்கும்தான். போனு இந்தப் பக்கம் திரும்பு அந்தப் பக்கம் திரும்புன்னுச்சு, திரும்பினாரு, மீசை ஒரு பக்கம் பேந்து தொங்கிருச்சு. அவ்வளவுதான். ஏமாத்து வேலைன்னு சொல்லி அவரு கணக்கை ஒரேயடியா மூடிருச்சு. இனிமே முடி வளந்தாலும் தொறக்காதாம். வேற கம்பெனிக்கு போங்கன்னு சொன்னேன், அங்கயும் மூஞ்சிதான் கேக்குறாங்க. இவரு இனிமே எந்தப் போனுக்கும் மூஞ்சி காட்டமாட்டேன்னு உக்காந்துட்டாரு. உங்கிட்ட பேசுற போனுக்கும்தான்.

நாங்க சும்மா இருக்கலம்மா. ஈப்போ டவுன்ல கம்பெனிக்கு ஒரு கடைவீட்டுல ஆபீசு இருந்துச்சு, போயிப் பாத்தா கதவைச் சாத்தி, எதுவா இருந்தாலும் ஆப்புல கேளுங்கன்னு ஒட்டியிருக்கு. அரசாங்க கவுண்டருக்கு போனோம். அங்க இருந்த மலாய்க்கார அம்மா நல்ல பொம்பள, முழுசா கேட்டுச்சு. கேட்டுட்டு, என்னை மக்சிக்னு உறவு சொல்லிக் கூப்பிட்டு, இவரை வேலையை விட்டு எடுத்தது யாருன்னு சொன்னாத்தானே நான் கூப்பிட்டு கேக்க முடியும், அந்தக் கம்ப்யூட்டர் வேற நாட்டுல இருக்குன்னு சொல்லுச்சு. அந்த அம்மாவுக்கே சங்கடமா இருந்துச்சு. தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர் வாயைத் தொறந்தா காது கூசும், அவன் நல்லவன்னு நான் சொல்லல. ஆனா எங்கம்மா பேரை வேலையிலேருந்து வெட்டினப்ப லயத்து சனமே போயி தோட்ட ஆபீசு வாசல்ல நின்னுச்சு, தொரை வெளிய வந்துதான் ஆகணும், வந்தான். இப்ப நான் எந்த வாசல்ல போயி நிக்கிறது, நீ படிச்சவ, சொல்லு. கோயில் கமிட்டிக்கு தலைவர் போடுறதுன்னா கூட நம்மளை கை தூக்கச் சொல்றாங்க. நம்ம ஊரு ரோட்டுல யாரு ஓட்டலாம் யாரு ஓட்டக் கூடாதுன்னு சொல்ற இதுக்கு யாரு கை தூக்கினா?

அப்பா முன்ன மாதிரி இல்ல. சோத்துல கை வச்சுட்டு அப்படியே எந்திரிச்சுடுறாரு. வாசல்ல நிக்கிற கார்ல ஏறி, ஓட்டுற சீட்டுல சும்மா உக்காந்திருக்காரு, கூப்பிட்டா திரும்புறதில்ல. எனக்கு பயமா இருக்கும்மா, சாவியை எடுத்து அரிசி டின்னுல ஒளிச்சு வச்சிருக்கேன், அவரும் எங்கன்னு கேக்கல. கேக்காததுதான் இன்னும் பயமா இருக்கு. போன வெள்ளிக்கிழமை நான் திருநீறு குடுத்தப்ப, முடியை குடுத்திருக்கக் கூடாதுன்னு சொன்னாரு.  நீங்க குடுத்தீங்க, சாமி வாங்கிக்கிட்டு பிள்ளையை குடுத்தான், அது அதோட முடிஞ்சுச்சு, இது மனுசன் செஞ்சு வச்ச மிஷினு, இதுக்கு மனுசனைத்தான் கேக்கணும், சாமியை இழுக்காதீங்கன்னு சொன்னேன்.  நீயும் என் பிள்ளையாலதானேன்னு மனசைப் போட்டு கொழப்பிக்காத, பால் குடுக்கிறவ அழக் கூடாது.

லியாகத் அலி பாய் கடையில ஆப் காரு ஓட்டுறவங்க நாப்பது பேரு மாதிரி கூடிப் பேசினாங்களாம். ஒரு ஆளை முடக்குறதுக்கு முந்தி ஒரு மனுசன் கூப்பிட்டு விசாரிக்கணும், அந்த மனுசன் இந்த ஊர்ல இருக்கணும், அந்த மிஷினுக்கு போடுற சட்டத்தை ஓட்டுறவங்களையும் வச்சுத்தான் போடணும்னு கேக்கப் போறாங்களாம். திங்கக்கிழமை ஒய்பி ஆபீசு முன்னால நிக்கிறதுன்னு முடிவாச்சு, நம்ம ஓட்டுல ஜெயிச்சவரு, அவருக்காவது வாசல் இருக்கு. அப்புறம் ஒவ்வொருத்தரா பின்வாங்கிட்டாங்க. யாராவது படம் புடிச்சு போட்டா தன்னையும் மூடிருமோன்னு பயம். குத்தம் சொல்ல முடியாது, எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. நேத்து பக்கத்து வீட்டு பிரமிளா, அவ புருசனும் ஓட்டுறவந்தான், கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டே சொன்னா, அக்கா, ஆம்பளைங்க வீட்டுலயே இருக்கட்டும், நம்ம போவோம்லான்னு. இப்ப பதினோரு பொம்பளைங்க சேந்திருக்கோம். அப்பா கார்ல இருந்தே, நீ என்ன ஓட்டினேன்னு போயி நிக்கிறன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் ஓட்டல, ஆனா அந்தப் போனுக்கு எங்க மூஞ்சி தெரியாது, எங்களை அதால மூட முடியாதுன்னு சொன்னேன். இதுல ஏதும் நடக்குமான்னு தெரியல மகளே. நடக்கலேன்னா இந்த மனுசனை வச்சுக்கிட்டு அடுத்து என்ன செய்வேன்னு எனக்கு சத்தியமா தெரியல. மைக்கு குடுத்தா என்ன பேசுறதுன்னும் தெரியல, தேவாரம் பாடின வாய், ஏதோ வரும்.

காசு அனுப்பாத. மாப்பிள்ளையை கம்பெனிக்கு இங்கிலீசுல எழுதச் சொல்லாத, மறுபடி அந்த மிஷினுதான் வணக்கம் சொல்லும். திங்கக்கிழமை விடிஞ்சதும் குளிச்சுட்டு ஒரு விளக்கு ஏத்து. பிள்ளை படத்தை கண்ட இடத்துலயும் போடாத, அதை யாரு எடுத்து எதுக்கு வச்சுக்குவாங்கன்னு நமக்குத் தெரியாது. மூணு பேரும் வேலும் மயிலும் காவலா நூறு வயசு நல்லா இருக்கணும்.

இப்படிக்கு
உன் அம்மா மங்களம்