அக்கா வீட்டுச் சீனி

15 நவம்பர் 2009, ஞாயிறு. பதுளை.

இன்று மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். தட்டினேன். பெயரைச் சொன்ன பிறகுதான் திறந்தாள்.

"வெள்ளக்காரங்கன்னு நெனச்சுட்டேன் தம்பி. இந்த லயத்துல எந்தக் கதவத் தட்டினாலும் டீ குடுப்பாங்கன்னு எவனோ கம்ப்யூட்டர்ல எழுதிட்டானாம், வேன் டிரைவர் சொன்னாரு. வந்தவங்கள சும்மா அனுப்ப முடியுமா? இருந்த சீனியெல்லாம் அவங்களுக்கே போயிருச்சு."

அந்த எவனோ நான்தான். நெட்டில், சுற்றுலா வருகிறவர்கள் படிக்கும் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன். எனக்குத் தந்த பிளேன்டீயில் சீனி இல்லை. பிள்ளைகளும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸை விட்டிறங்கி நேரே நெட் கஃபேக்குப் போனேன். எழுதியதை அழித்துவிடத்தான் போனேன். திறந்தால், ஒரு ஜெர்மன்காரி எனக்கு நன்றி எழுதியிருக்கிறாள். நான் எழுதியதைப் படித்துத்தான் அவ்வளவு தூரம் போனாளாம். அந்தத் தேநீரின் இனிப்பை மறக்கவே முடியாதாம். நான் வேலை பார்க்கும் கந்தோரில் இத்தனை வருஷமாக ஒருவர்கூட எனக்கு நன்றி சொன்னதில்லை.

திரும்பத் திரும்ப வாசித்தேன். அழிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.