புளித்த மாவு எதற்கு ஆகும்?

பாபு அப்பாவுக்கு,

உங்கள் பெண்டாட்டி நாகவல்லி இன்னும் உங்களோடு பேசுவதாக இல்லை. அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள்.

டோனட்டுக்காக அவள் புளிக்க வைத்திருந்த மைதா மாவைப் பசையென்று எடுத்துப்போய் யூனியன் போஸ்டர் ஒட்டினீர்கள். கேட்டதற்கு, "புளிச்ச மாவு இன்னாத்துக்கு ஆவும்?" என்றீர்கள்.

மறுபடி புளிக்க வைத்து, பரங்கிக்காய், வெல்லம், சுக்கு, பட்டை சேர்த்து, ஐப்பசி மழைக்குச் சுடச்சுட டோனட் போட்டாள். ஒவ்வொன்றும் பூரி மாதிரி உப்பியது. பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவே பக்குவம் கேட்டுப் போனார். உங்கள் பங்கு எவர்சில்வர் டப்பாவில். வெளியே போனால் சாவியை அக்காவிடம் கொடுங்கள்.

சமையல் மேடையிலுள்ள பாட்டிலில் அடுத்த தடவைக்கான புளித்த மாவு இருக்கிறது, தொடாதீர்கள்.

பி.கு.: நேற்றைய மழையில் கம்பெனி கேட் சுவரில் மற்ற போஸ்டரெல்லாம் உரிந்து தொங்குகிறது. உங்களுடையது மட்டும் அப்படியே நிற்கிறது. யூனியனில் யாராவது கேட்டால் நாகவல்லி மாவு என்று சொல்லுங்கள்.